பாங்கர் இல்லாமல் ஏறிய மேடு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாவது நான். இரண்டாவது என் மனைவியின் தம்பி; ஹரோவிலிருந்து கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, கையில் ஒரு ஃபைலோடு வந்திருந்தார். மூன்றாவது, நான் ஓட்டிய சின்ன எஞ்சினைக் கட்டத் தொடங்கி, முடிக்காமலே இறந்துபோனவரின் மனைவி. மடக்குக் கதிரையும் பிளாஸ்கில் தேநீரும் கொண்டுவந்திருந்தார். நான்காவது, எங்கள் சின்ன ரயில் கழகத்தின் தண்டவாளப் பொறுப்பாளர், முன்பு லண்டனில் பஸ் ஓட்டியவர். ஐந்தாவது, சின்ன எஞ்சின்களை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற ஒரு பணக்காரர்.

என் மனைவி அங்கே இல்லை. ஆனால் அன்றைக்கு நடந்ததை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் அவள்தான், கொஞ்சம் கூட்டியும் சொல்கிறாள். கோயிலில் ஆட்கள் என்னைக் கண்டதும் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். அதனால்தான் நானே எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதினால் பிழை இருக்கும். இருக்கட்டும்.

எஞ்சின் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நீளம் என் கட்டிலளவு. அது ஓடுகிற தண்டவாளத்தின் அகலம் ஐந்து அங்குலம். ஆனால் விளையாட்டுச் சாமானும் இல்லை. நிலக்கரியில் எரிகிற, தண்ணீர் கொதிக்கிற, கை வைத்தால் தோல் உரிகிற உண்மையான நீராவி எஞ்சின். இதன் பெரிய வடிவம் மலைப்பாதைகளில் சரக்கு இழுப்பதற்காகவே செய்யப்பட்டது. மலையில் பாரம் இழுக்கப் பலமான எஞ்சின் வேண்டும். பலமான எஞ்சின் நீளமாக இருக்கும். நீளமானது மலை வளைவில் திரும்பாது. இதற்கு ஒரு வழி கண்டார்கள்: ஒரே பொயிலர், அதற்கு முன்னால் சில்லுகளும் சிலிண்டர்களுமாக ஒரு எஞ்சின், பின்னால் அதேபோல இன்னொரு எஞ்சின். பொயிலர் நடுவில் பாலம் மாதிரிக் கிடக்கும். வளைவு வரும்போது முன்னது தன்பாட்டில் திரும்பும், பின்னது தன்பாட்டில் திரும்பும். முன்னதன் மேல் தண்ணீர்த் தொட்டி. பின்னதன் மேல் நிலக்கரிப் பெட்டி.

அந்த நிலக்கரிப் பெட்டிக்கு இங்கே சொல்கிற பெயர் பங்கர். கழகத்தில் சேர்ந்த புதிதில் யாரோ எனக்குப் பின்னாலிருந்து “பங்கரைப் பார்” என்று கத்த, நான் குனிந்து நிலத்தோடு நிலமாகிவிட்டேன். பங்கர் என்றால் எங்களுக்கு, ஊரில் சண்டைக் காலத்தில் சுட ஹெலிகொப்டர் வரும்போது ஓடி ஒளிகிற குழி. எழும்பிப் பார்த்தால் எல்லாரும் கரிக்கட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றையிலிருந்து இந்தத் தொழிலில் எந்தச் சொல்லுக்கும் ஒன்றுக்கு இரண்டு தரம் யோசித்துத்தான் பதில் சொல்வேன். அப்படி யோசித்ததில்தான் பிறகு பெரிதாக விழுந்தேன். அதற்கு வருகிறேன்.

நான் இருபத்தாறு வருடம் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ் அறையில் துணி துவைத்தவன். அங்கே ஒரு பொயிலர் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், ஆனால் அதன் பக்கத்தில் நின்றவன் நான். குழாய்க்குள் ஆவி காய்ந்து போகிறதா, தண்ணீரோடு போகிறதா என்று சத்தத்தில் சொல்வேன். முழங்கால் பழுதாகி வேலையை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விம்பிள்டனில் ட்ராம் ஏறி, சும்மா எங்கேயோ இறங்கி, ஒரு பூங்காவின் பின்பக்கம் அதே சத்தத்தைக் கேட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய மனிதர்கள் சின்ன எஞ்சின்களின் பின்னால் இருந்துகொண்டு பிள்ளைகளை ஏற்றி இழுத்துக்கொண்டிருந்தார்கள். சாம்பல் அள்ள ஆள் தேவை என்றார்கள். அள்ளினேன். இரண்டு வருடம் அள்ளினேன்.

பிறகுதான் அந்தப் பெண்மணி தன் கணவரின் எஞ்சினை விற்கக் கொண்டுவந்தார். முக்கால்வாசி முடிந்திருந்தது. இலங்கையின் மலைநாட்டுப் பாதையில் சரக்கு இழுத்த வகை என்று அவர் கணவரின் குறிப்புக் கொப்பியில் எழுதியிருந்தது. என் நாட்டில் இப்படி ஒன்று ஓடியதையே நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். கழகத்தில் எல்லாரும் தலையைச் சாய்த்து, “ஓ, ஊர் ஞாபகம்” என்று இரக்கப்பட்டார்கள். ஒரு ஞாபகமும் இல்லை. அந்த மலைப் பக்கம் நான் போனதேயில்லை. வடக்கில் தண்டவாளம் தோசைக்கல் மாதிரித் தட்டை. எனக்கு அந்த எஞ்சின் பிடித்ததற்குக் காரணம், ஒரு பொயிலர் இரண்டு எஞ்சினுக்குச் சோறு போடுகிறதே, அதை யார் கவனிக்கிறார்கள் என்ற கவலை. எனக்குக் கவலை வந்துவிட்டால் அந்த இடத்தை விட்டுப் போக ஏலாது.

விலை ஆறாயிரம் பவுண். மாதம் நூற்றிருபதாகக் கட்டுவதாகச் சொன்னேன், கையிலிருந்ததை முதலில் கொடுத்தேன். மனைவி ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. கராஜுக்குள் வைத்து மூன்று வருடத்தில் மிச்சத்தை முடித்தேன். வரைபடத்தில் இருக்கிற கணக்கு எனக்கு விளங்காது. நூல் பிடித்து அளந்தேன், தீக்குச்சி வைத்து இடைவெளி பார்த்தேன். பொயிலருக்குச் சான்றிதழ் முதல் தரத்திலேயே கிடைத்தது. பரிசோதித்தவர் என் தீக்குச்சிகளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பணக்காரர் வந்தார். இரண்டு மடங்கு தருவதாக அந்தப் பெண்மணியிடம் சொன்னார். சூடாக்கிய அறையில், கண்ணாடிக்குள், விளக்குப் போட்டு வைப்பாராம். பெண்மணி இதை என்னிடம் நேரே வந்து சொன்னார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கணவர் எழுதியிருந்ததைக் காட்டினார்: எழுநூறு கிலோ பாரத்தோடு கழகத்தின் மேட்டில் தன் பலத்தில் ஏற வேண்டும். ஏறினால் எஞ்சின் உங்களுடையது, மிச்சத்தை மெதுவாகக் கட்டுங்கள். ஏறாவிட்டால் உங்கள் காசை முழுவதும் திருப்பித் தருகிறேன், அது சூடான அறையிலேயே இருக்கட்டும். இழுக்க முடியாத எஞ்சின் மழையில் நின்று என்ன செய்யப்போகிறது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் எனக்கு நித்திரையைக் கெடுத்தது.

கழகத்தின் மேடு என்பது ஐம்பது அடி போனால் ஓரடி ஏறுகிற பாதை. நடந்து போகிறவனுக்குத் தெரியாது. இழுக்கிறவனுக்குத் தெரியும். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சோதனை என்று முடிவானது. திங்கட்கிழமை பொறுப்பாளரிடமிருந்து செய்தி வந்தது. ஆங்கிலத்தில் மூன்றே வரி. ஞாயிறு பத்து மணி. முழுப் பாரம். உனக்கு ஒரு பாங்கர் தேவைப்படும்.

பங்கரில் ஒருமுறை ஏமாந்தவன் நான். எழுத்தெழுத்தாகப் படித்தேன். இது நிலக்கரிப் பெட்டி இல்லை. இது பாங்கர். பாங்கில் வேலை செய்கிறவர். ஏன் தேவை? நான் தவணையில் வாங்கியவன். பணக்காரர் போட்டிக்கு நிற்கிறார். மிச்சத்தை நான் கட்டுவேன் என்று யாராவது பொறுப்பு நிற்க வேண்டுமாக்கும். திரும்பிக் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்கள். பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்தப் பயம் சாகும்வரை போகாது.

மனைவிதான் தன் தம்பியை நினைவுபடுத்தினாள். அவர் ஒரு பாங்கில் கடன் பகுதியில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டபோது ஞாயிற்றுக்கிழமை மகளைத் தமிழ் வகுப்பின் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். நான் கெஞ்சவில்லை, ஆனால் கெஞ்சுகிற குரலில் பேசினேன். சரி என்றார். என்னுடைய ஆறு மாதக் கணக்கு அறிக்கையை எடுத்து வைக்கச் சொன்னார்.

பாரத்துக்கு வேறு பிரச்சினை. கழகத்தின் சீமெந்துக் கட்டைகளை இன்னொரு கழகம் இரவல் வாங்கிப் போயிருந்தது. சோதனை ஓட்டத்தில் ஆட்களை ஏற்றக் கூடாது என்பது விதி. எங்கள் பக்கத்துத் தமிழ்க் கடைக்கார அண்ணையிடம் போய், இருபது கிலோ அரிசி மூட்டை முப்பத்தைந்து, ஒரு நாளைக்கு இரவல் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அரிசியை இரவலாக் கேட்ட முதல் ஆள் நீர்தான். சமைக்காமலோ திருப்பித் தருவீர்?”

மூட்டைகளை ஏற்றிப் போகத் தன் வானையும் சேர்த்துத் தந்தார்.

ஞாயிறு காலை தூறல். வீட்டை விட்டுப் புறப்படும்போது அடுப்பை நான்கு தரம் பார்த்தேன். ஐந்தாம் தரம் திரும்பியபோது மனைவி வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சருங்கோ, காஸ் நிக்குது. கதவும் நிக்குது. நானும் நிக்கிறன். நீங்கள் போங்கோ.”

நான் முதலில் போய் அரிசியை ஏழு வண்டிகளில் அடுக்கி, பொலித்தீன் போட்டு மூடி, நெருப்பு மூட்டினேன். பத்து மணிக்குப் பொயிலரில் ஆவி நிறைந்து ஆயத்தமாக நின்றது. பொறுப்பாளர் வந்து சுற்றிப் பார்த்தார். பெண்மணி கதிரையை விரித்து மேட்டின் உச்சியில் இருந்தார். பணக்காரர் குடைக்குக் கீழே. மைத்துனர் அப்போதுதான் புல்லில் சப்பாத்து நனையாமல் பாய்ந்து பாய்ந்து வந்து சேர்ந்தார்.

பொறுப்பாளர் கேட்டார்: “பாங்கர் எங்கே?”

நான் மைத்துனரைக் காட்டினேன்.

மைத்துனர் முன்னால் வந்து கை கொடுத்தார். தான் எந்தப் பிரிவில், எத்தனை வருடமாக வேலை செய்கிறார் என்று ஒழுங்காகச் சொன்னார். பொறுப்பாளர் அந்தக் கையை விடாமல், அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, பிறகு வண்டித்தொடருக்குப் பின்னால் பார்த்தார். அங்கே கழகத்தின் பற்றரி எஞ்சின் வண்டியில் கொளுவாமல் தனியே நின்றது. மெதுவாக விளக்கினார். இந்தத் தொழிலில் பாங்க் என்றால் மேடு. மேட்டில் ஏற மாட்டாமல் நிற்கிற ரயிலைப் பின்னால் நின்று தள்ளுகிற எஞ்சினுக்குப் பெயர் பாங்கர். நீ நடுவில் நின்றால் பாதை அடைபட்டுவிடும், அதற்காகத்தான் ஒன்று ஆயத்தமாக இருக்கட்டும் என்று எழுதினேன்.

பணக்காரர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிறுத்த நேரமெடுத்தது.

மைத்துனர் என் காதுக்குக் கிட்ட வந்தார். “அத்தான், நான் என்ன, உதைக் கையால தள்ளவோ வந்தனான்?”

எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்று இருந்தது. சாதாரண நாளாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டு, நெருப்பை இறக்கி, அரிசியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போயிருப்பேன். என் வாழ்க்கையில் பாதி அப்படிப் போனதுதான். ஆனால் பொயிலரில் ஆவி நிறைந்து நின்றது. ஆவி நிற்கிற பொயிலரை விட்டுவிட்டு வெட்கப்பட நேரமில்லை. பற்றரி எஞ்சினை எடுத்துப் பக்கப் பாதையில் விடுங்கள், எனக்குத் தேவையில்லை என்றேன். பொறுப்பாளர் யோசித்தார். நின்றுவிட்டால் என்றார். நின்றால் நிற்கட்டும், வண்டி வண்டியாகக் கழற்றிக் கையால் இறக்குகிறேன், முப்பத்தைந்து மூட்டையையும் நானே சுமக்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாத மாதிரி இருந்தது. அவர் போய் அதைப் பக்கப் பாதையில் எடுத்து விட்டார்.

முதல் வண்டியில் இருந்துகொண்டு, சிலிண்டருக்கு ஆவி விடுகிற ரெகுலேட்டரைத் திறந்தேன். தட்டையில் சுகமாக வந்தது. மேடு தொடங்கியதும் சத்தம் மாறியது. இந்த வகை எஞ்சினில் இரண்டு எஞ்சினின் மூச்சும் சிலவேளை சேர்ந்து வரும், சிலவேளை ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பிரிந்து வரும். சேரும்போது தனி ஆள் மாதிரி. பிரியும்போது இரண்டு பேர் கதைத்துக்கொண்டு ஏறுகிற மாதிரி. அரிசி கனத்தது. பாதி மேட்டில் வளைவு, வளைவுக்கு மேலே பெரிய மரங்கள். ஐப்பசி மாதம். ஈர இலைகள் தண்டவாளத்தில் பசையாக ஒட்டியிருந்தன. முன் எஞ்சின் அதில் காலை வைத்ததும் சில்லுகள் நின்ற இடத்திலேயே சறுக்கிச் சுழன்றன. உடனே ஆவியைக் குறைத்தேன். பிடிக்கவில்லை. பின் எஞ்சின் மட்டும் தனியாக இரண்டு அடி இழுத்தது. பிறகு அதுவும் நின்றது.

பிரேக்கைப் போட்டேன். எழுநூறு கிலோ என்னைக் கீழே இழுத்துக்கொண்டு நின்றது.

பொறுப்பாளர் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் நல்ல மனிதர். தாழ்ந்த குரலில், கையால் ஒரு சின்னத் தள்ளு, புறப்படுவதற்கு மட்டும், மேலே இருப்பவருக்கு இந்த வளைவு தெரியாது என்றார்.

“வேண்டாம்.”

இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் அதையே சொன்னேன்.

மைத்துனர் இந்தப் பக்கம் வந்து நின்றார். ஒரு மூட்டையின் மூலையில் கிழிந்து கொஞ்சம் அரிசி சிந்தியிருந்தது. அதை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, பெரிய ரயிலில் சில்லு சறுக்கினால் மண் போடுவார்களாமே, நாங்கள் இதைப் போட்டால் என்ன என்று கேட்டார்.

“தம்பி, அரிசி, தண்ணி, ஆவி. மூண்டும் சேர்ந்தா என்ன வரும்?”

“கஞ்சி,” என்றார். அரிசியைத் திரும்ப மூட்டைக்குள் போட்டார்.

துடைக்க வேண்டும். என்னிடமிருந்த துணி எண்ணெய்த் துணி. எண்ணெயைத் தடவினால் முடிந்தது கதை. நான் பிரேக்கை விட்டு இறங்கவும் ஏலாது. மைத்துனர் என் முகத்தைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி அரிசி மூட்டையின் மேல் போட்டார். ஃபைலைத் திறந்தார். என்னுடைய ஆறு மாதக் கணக்கு அறிக்கை, மாதத்துக்கு மூன்று தாள். ஒவ்வொன்றாகக் கசக்கி, ஈரப் புல்லில் முழங்கால் போட்டு, முன் சில்லுக்கு முன்னாலிருந்து துடைக்கத் தொடங்கினார். இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் ஒரு தாள். கறுப்புப் பசை உரிந்து வந்தது. வளைவு முடியும்வரை தவழ்ந்து தவழ்ந்து போனார். என் சம்பாத்தியமும் செலவும் புல்லில் உருண்டை உருண்டையாகக் கிடந்தன.

குடைக்காரர் அங்கே வந்துவிட்டார். இது வெளியுதவி, தன் பலத்தில் என்றுதானே எழுதியிருக்கிறது என்றார். பொறுப்பாளர் நிமிர்ந்து, பாதையைத் துடைப்பது தள்ளுவது ஆகாது, பாதை கழகத்துடையது, அதைத் துடைத்து வைத்திருக்க வேண்டியது தன் வேலை, இன்றைக்கு அந்த வேலையை இந்தப் பாங்கர் செய்கிறார் என்றார். பாங்கர் என்ற சொல்லை அவர் நீட்டிச் சொன்னார். மைத்துனருக்கு அது கேட்டது. ஃபைலை உயர்த்திக் காட்டினார்.

இனி நான். மேட்டில் நின்ற ரயிலைத் திரும்ப எடுப்பதைவிடக் கஷ்டமானது இந்தத் தொழிலில் இல்லை. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: பயம் வந்தால் பொயிலருக்குத் தண்ணீர் விடுவேன். குறைந்துவிடுமோ, குறைந்துவிடுமோ என்று பம்பை அடித்துக்கொண்டே இருப்பேன். தண்ணீர் கூடினால் ஆவியோடு தண்ணீரும் சேர்ந்து சிலிண்டருக்குள் போகும், எஞ்சின் துப்பும், பலம் போகும். பொறுப்பாளர் இதற்கு என்னை எத்தனையோ தரம் ஏசியிருக்கிறார். அன்றைக்கு, பொயிலரின் தண்ணீர் மட்டம் காட்டுகிற நீர்க்கண்ணாடியில் பாதி இருந்தது. என் இடது கை பம்பை நோக்கிப் போனது. அந்தக் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் இருந்தேன். நெருப்பில் இரண்டு அகப்பை கரி போட்டேன். ஆவியின் அழுத்தம் காட்டுகிற ஊசி ஏறும்வரை பார்த்தேன். ஹோட்டலின் நிலக்கீழ் அறையில் இருபத்தாறு வருடம் கேட்ட அந்தக் காய்ந்த சத்தம், துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அது வந்தது. காலால் பிரேக்கை விட்டுக்கொண்டே ரெகுலேட்டரை ஒரு மயிரளவு திறந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு மயிரளவு. பின் எஞ்சின் முதலில் மூச்சு விட்டது. பிறகு முன்னது. மூட்டைகளின் மேல் கிடந்த பொலித்தீன் ஆடியது. ஒரு சில்லு சுற்றுவதற்குள் நான் பத்துத் தரம் செத்தேன். ஆனால் சறுக்கவில்லை. இரண்டாவது சுற்று. மூன்றாவது. மைத்துனர் துடைத்த இடம் முடிகிற வளைவில் முன்னது ஒரு பக்கம் திரும்ப, பின்னது இன்னும் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே பொயிலரைச் சுமந்துகொண்டு ஏறின. நடக்கிற வேகம்கூட இல்லை. பொறுப்பாளர் பக்கத்தில் வந்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. தொடவில்லை என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்றுதான் அப்படிக் கட்டியிருந்தார்.

உச்சியில் பெண்மணி எழும்பி நின்றார். கடைசி வண்டியும் மேலே வந்ததும் பாதை தட்டையானது. கண்ணாடியில் தண்ணீர் சட்டென்று இறங்கியது. ஏற்றத்தில் பின்பக்கம் சரிந்து நிற்கிற தண்ணீர், கண்ணாடியில் இருப்பதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். அது எனக்குத் தெரியும். அப்போதுதான் கையை விடுவித்துப் பம்பை இழுத்தேன். ஆசை தீர இழுத்தேன்.

பெண்மணி எஞ்சினின் மேல் கை வைக்கப் போய், சூடு பட்டு எடுத்துக்கொண்டார். அந்த விரலை வாயில் வைத்தபடி, உங்களுடையது என்றார். பணக்காரர் வந்து கைகொடுத்தார், நானும் கொடுத்தேன். எப்போதாவது விற்க நினைத்தால் என்று தொடங்கினார். நினைக்க மாட்டேன் என்றேன். இவ்வளவு கரடுமுரடாக நான் ஒருவரிடமும் பேசியதில்லை. இதைப் பற்றி இதுவரைக்கும் கவலைப்படவும் இல்லை.

அரிசியை வானில் ஏற்றும்போது மைத்துனர் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். முழங்கால் இரண்டும் பச்சை. மகளின் போட்டியை விட்டுவிட்டு வந்தவர்.

“அத்தான், மிச்சக் காசை நான் கட்டி முடிக்கிறன். நீங்கள் எனக்கு ஆறுதலாத் தாங்கோ. வட்டியும் வேண்டாம். ஏன் மாசாமாசம் ஓடித்திரியிறியள்?”

நல்ல மனதோடுதான் கேட்டார். அதற்கு முந்தின நாளாக இருந்தால் ஓம் என்றிருப்பேன்.

“வேண்டாம் தம்பி. பாங்கர் இல்லாமலே ஏறுவம்.”

அவர் சிரித்த சிரிப்பில், எனக்குத் தூக்கித் தந்த கடைசி மூட்டை அவர் கையிலிருந்து நழுவியது. அதைத்தான் என் மனைவி கோயிலில் அவர் விழுந்ததாகச் சொல்லித் திரிகிறாள். அவர் விழவில்லை. மூட்டைதான் விழுந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் எஞ்சின் அந்த மேட்டில் பிள்ளைகளை இழுக்கிறது. அடுப்பை நான் இன்றைக்கும் நான்கு தரம் பார்க்கிறேன். மாத முதல் கிழமை போய், அந்தப் பெண்மணியின் மேசையில் நூற்றிருபதை எண்ணி வைத்து, கொப்பியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறேன். இன்னும் ஒன்பது தவணை இருக்கிறது. ஆயிரத்து எண்பது பவுண்.